எட்டரை மணிச் சேதி

காலை பத்து மணிக்குள் பொற்கொடி நூற்றுப் பதினாறு சேதிகளை அடித்து அனுப்பியிருந்தாள். ஏழு மணிக்கு உட்கார்ந்தவள் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் பஞ்சு வியர்வையில் ஊறி, காதுமடல் சிவந்து எரிந்தது. ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொள்வாள். பதினொரு மணிக்கு மேல் இரண்டு காதுகளும் ஒன்றுபோலவே எரியும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அது. பீளமேட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த பேஜர் ஆபீஸ் இருந்தது. ஆறு நாற்காலிகள், ஆறு கம்ப்யூட்டர்கள், எத்தனை பேர் லைனில் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் சிவப்பு எண் பலகை ஒன்று. மில் மேனேஜர்கள், பம்ப் கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள், நூல் ஏஜெண்டுகள் இடுப்பில் பேஜரை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சேதி சொல்ல விரும்புகிறவர்கள் இங்கே போன் செய்வார்கள். சொல்வதைக் கேட்டு, அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, ஒரு பொத்தானை அழுத்துவது பொற்கொடியின் வேலை. பேஜருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே கோயமுத்தூரின் பேச்செல்லாம் அவள் விரல் வழியாக இங்கிலீஷ் எழுத்தை உடுத்திக்கொண்டு போயிற்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பயிற்சி கொடுக்க வந்த என்ஜினியர் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஏழு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்று அல்லது பூஜ்யம். அந்த ஒன்றும் பூஜ்யமும் போன் கம்பி வழியாக டவருக்குப் போய், அங்கிருந்து காற்றில் பரவும். ஊரிலுள்ள அத்தனை பேஜர்களும் அத்தனை சேதிகளையும் கேட்கும். தன் எண் சேதியின் முன்னால் இருந்தால் மட்டும் அந்தப் பேஜர் வாயைத் திறக்கும். மற்றவை கேட்டும் கேட்காததுபோல இருந்துவிடும். நடுவழியில் ஒரு புள்ளி சிதைந்து போனாலும், கூடவே அனுப்பும் சோதனைப் புள்ளிகளை வைத்துப் பேஜர் அதைத் தானே திருத்திக்கொள்ளும்.

“அதனால எழுத்துல தப்பு வர்றது ரொம்ப அபூர்வம்” என்று அவர் பெருமையாகச் சொன்னார். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருந்த பொற்கொடிக்கு அது எளிதாகப் புரிந்தது. அன்று அவளுக்கு அந்த வேலை பிடித்தும் இருந்தது.

இரண்டு வருஷத்தில் அந்தப் பிடித்தம் தேய்ந்துவிட்டது. ஒரு சேதிக்கு நாற்பது நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. சொன்னதைத் திருத்தக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சண்டை, சமாதானம், சரக்கு வந்தது, சரக்கு வரவில்லை, சீக்கிரம் வா, வராதே. கல்யாணம் நிச்சயமான சேதியும் கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்ன சேதியும் அவளுக்கு ஒன்றுபோலவே ஆகிவிட்டன. மாலையில் அறைக்குப் போனால் கூடத் தங்கியிருக்கும் அன்புக்கரசி ஏதாவது கேட்டால்கூட, பதில் சொல்ல வாயெடுக்கவே அலுப்பாக இருக்கும்.

அன்று பத்து பத்துக்கு வந்த அழைப்பில் முதலில் மூச்சுதான் கேட்டது. வயதான ஆளின் மூச்சு.

“ஏனுங்க அம்மணி, ஆனைமலையில இருந்துங்க. பேசலாமுங்களா?”

“சொல்லுங்க. பேஜர் நம்பர்?”

கையிலிருந்த சீட்டைப் பார்த்து, பக்கத்தில் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, அவர் நம்பரைச் சொன்னார். திரையில் பெயர் வந்தது. கிருபாசங்கர், பம்ப் கம்பெனியில் விற்பனை அதிகாரி.

“என்ன சேதிங்க?”

“சின்னப் பண்ணாடிகிட்டச் சொல்லிப்போடுங்க அம்மணி. பண்ணாடி… பண்ணாடி போயிட்டாருங்க.” ஒரு விழுங்கல். “காத்தால எட்டரைக்குங்க. வெள்ளியங்கிரி சொன்னான்னு சொல்லுங்க.”

பொற்கொடிக்குப் புரிந்துவிட்டது. அந்த விழுங்கலைக் கேட்டவர் யாருக்கும் புரிந்திருக்கும். அந்தக் குரல் கிளம்பிப் போனவரைப் பற்றிப் பேசும் குரல் இல்லை. “தவறிட்டாருங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நாக்கு நுனிவரை அது வந்தது.

ஆனால் அதற்கு முன்பே, தோட்ட முதலாளியைக் கூலியாட்கள் அழைக்கும் ‘பண்ணாடி’ என்ற வார்த்தை அவளைக் குத்தியிருந்தது. அவளும் ஆனைமலைப் பக்கத்துக்காரிதான். அம்மா மாசாணியம்மாள் இன்றைக்கும் தோப்புகளில் தேங்காய் பொறுக்கப் போகிறாள். பத்தாவது படிக்கும்போது ஏதோ ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க அம்மா அவளைத் தோட்டத்துக்காரர் வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள். “பண்ணாடி, என்ற புள்ளைங்க” என்று அம்மா மூன்று முறை சொல்லியும் அந்த மனிதர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்த வார்த்தையை இனி வாயால் சொல்வதில்லை என்று பொற்கொடி அன்றைக்கே முடிவு செய்தாள். இப்போது அதை ஒவ்வொரு எழுத்தாக அடித்து, வாயால் வாசித்தும் காட்ட வேண்டியிருந்தது.

எண் பலகை ஒன்பது பேர் காத்திருப்பதாகக் காட்டியது. அந்த அழைப்பு தன் காதை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

PANNADI POYITTARU. KALAI 8.30. VELLIYANGIRI.

விதிப்படி ஒரு முறை வாசித்துக் காட்டினாள். “பண்ணாடி போயிட்டாரு, காலை எட்டரை, வெள்ளியங்கிரி. சரிங்களா?”

“செரிங்க அம்மணி. அவருக்குப் போயிருமுங்களா?”

“ஒரு நிமிஷத்துல போயிரும்.”

பொத்தானை அழுத்தினாள். அடுத்த அழைப்பு வந்தது. யாரோ ஒருவருக்கு நாற்பதாம் நம்பர் நூல் பத்து மூட்டை வேண்டுமாம்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஆபீஸில் ஒரு சலசலப்பு. டவருக்குப் போகும் கம்பியை எங்கோ சாலையில் குழி தோண்டியவர்கள் அறுத்துவிட்டார்கள். அடிக்கிற சேதிகள் திரையில் வரிசையாகத் தேங்கின. சூப்பர்வைசர் நரசிம்மலு கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, “யாரும் பயப்படாதீங்க. கால் வாங்கிட்டே இருங்க. லைன் வந்ததும் எல்லாம் தானாப் போயிரும். மூணு நாலு மணி நேரம் ஆகும்னு சொல்றாங்க” என்றார். அவர் நல்ல மனிதர்தான். ஏழு வருஷமாக இதுபோன்ற வேலைகளில் மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் நடுவில் நசுங்கியவர்.

சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர்தான் நாற்காலியில் இருப்பார்கள். ஒன்றேகாலுக்கு அந்தக் குரல் மறுபடியும் பொற்கொடியிடமே வந்தது.

“அம்மணி, காத்தால பேசுன வெள்ளியங்கிரிங்க. சின்னப் பண்ணாடி இன்னும் வரலீங்க. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து ஒக்காந்திருக்கறாங்க. பொழுதெறங்கறதுக்குள்ள எடுக்கோணும்ங்கறாங்க. அவிங்க அம்மா சென்னியம்மா, மகன் வராம எடுக்கக் கூடாதுன்னு அழுதுட்டுக் கெடக்கறாங்க. எங்ககிட்ட இந்த நம்பர் மட்டுந்தானுங்க இருக்குது. அந்தச் சேதி போச்சுங்களா?”

பொற்கொடி காலையில் அனுப்பிய சேதியைத் திரையில் தேடி எடுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தப்பில்லை. பத்து பன்னிரண்டுக்குப் போயிருக்கிறது. அதை ஒரு முறை படித்தாள். விழுங்கலும் மூச்சும் இல்லாமல், பச்சை எழுத்தில், வெறும் சேதியாகப் படித்தாள். பண்ணாடி போயிட்டாரு. காலை எட்டரை.

எட்டரை மணிக்குப் பஸ் ஏறியவரைப் பற்றிய சேதி அது. வேறு எப்படிப் படித்தாலும் அப்படித்தான் இருந்தது.



“ஏனுங்க, அவரு கோயமுத்தூர் வர்றதா இருந்தாருங்களா? பெரியவரு?”

“ஆமாங்க. மகன்கூட ரெண்டு வருசமாப் பேச்சில்லீங்க. அவரு கட்டிக்கிட்ட புள்ளையை இவருக்குப் புடிக்காமப் போச்சு. இப்பப் பேத்தி பொறந்து அஞ்சு மாசமாச்சு. பாத்துட்டு வாரேன்னு போன வாரந்தான் மனசு எளகுனாருங்க. எந்நேரமும் பஸ்ஸேத்தி உடறேன்னு அம்மா மகனுக்குச் சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள இன்னைக்குக் காத்தால நெஞ்சப் புடிச்சுட்டு…”

“நீங்க எந்த பூத்துல இருந்து பேசறீங்க? கடைக்காரருகிட்ட நம்பர் கேட்டுச் சொல்லுங்க.”

நம்பரைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். “அங்கயே இருங்க. நான் கூப்பிடறேனுங்க” என்றாள். பிறகு புதிய சேதியை அடித்தாள். APPA IRANTHUVITTAR. UDANE AANAIMALAI VARAVUM. பொத்தானை அழுத்தியதும் அது வரிசையின் கடைசியில் போய் நின்றது. முன்னால் இருநூற்றுப் பதினான்கு சேதிகள்.

நரசிம்மலுவிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சொன்னதத்தானம்மா அடிச்ச. ரெக்கார்டு இருக்குது. நம்ம மேல தப்பில்ல.”

“லைன் வர நாலு மணி ஆயிருங்க சார். அதுக்குள்ள எடுத்துருவாங்க.”

“நாம ஒவ்வொருத்தருக்கும் ஓட ஆரம்பிச்சா முடியுமா பொற்கொடி? சேதி க்யூவுல இருக்குது. நம்ம வேல அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. அதே அலுப்புதான் காலையில் தன் நாக்கு நுனியில் அந்தக் கேள்வியைத் தடுத்தது என்று அவளுக்குத் தோன்றியது. சந்தாதாரர் விண்ணப்பங்கள் இருந்த கோப்பைத் திறந்து கிருபாசங்கரின் வீட்டு எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள். எடுத்தது அவன் மனைவி லோகப்பிரியா.

“அவரு உக்கடம் போயிருக்காருங்க. மாமா வர்றாங்க, கூட்டிட்டு வரணும்னு பத்தரைக்கே லீவு சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னும் காணோம். நானும் ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.” பின்னால் குழந்தை சிணுங்கியது. “நீங்க யாருங்க?”

“பேஜர் ஆபீசுங்க. ஒரு சேதி நின்னுபோச்சு. என்ன சட்டை போட்டிருக்காருங்க?”

“வெள்ளையில ஊதாக் கட்டம். கையில ப்ளாஸ்க் வெச்சிருப்பாரு. ஏனுங்க, என்னாச்சு?”

“நேர்ல பார்த்துச் சொல்லிப்போடறேனுங்க” என்று வைத்துவிட்டாள். அந்த வீட்டில் சோறு வெந்து, குழம்பு கொதித்து, ஒரு மனிதருக்காகக் காத்திருக்கிறது. போனில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. காலையிலும் இதே வாய்தான் எழாமல் போயிற்று என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அவினாசி ரோட்டில் டவுன் பஸ் நின்று நின்று போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒரு டம்ளர் டீ மட்டும் குடித்திருந்த வயிறு எரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமாக அடித்து அடித்து அழித்தாள். டவுன்ஹால் தாண்டும்போது அதையும் விட்டுவிட்டாள். காதுக்குள் இன்னும் ஹெட்போன் இருப்பதுபோலவே ஒரு இரைச்சல்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் அவனை எளிதாகக் கண்டுபிடித்தாள். முப்பது வயது இருக்கும். ஊதாக் கட்டச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்து நின்ற ஒரு பஸ்ஸின் பின்படியையும் முன்படியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஆள் இறங்கியதும் ஒதுங்கி நின்று சாலையைப் பார்த்தான்.

“ஏனுங்க, கிருபாசங்கருங்களா?”

“ஆமாங்க. நீங்க?”

“பேஜர் ஆபீசுல இருந்து வாரேனுங்க. பேரு பொற்கொடி.”

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. “இப்பெல்லாம் ஆளே வந்து சொல்றீங்களா?”

“காலையில வந்த சேதிய எப்படிப் படிச்சீங்க, சொல்லுங்க.”

இடுப்பிலிருந்து பேஜரை எடுத்து அவளுக்கே காட்டினான். “அப்பா எட்டரைக்குப் பஸ் ஏறிட்டாருன்னு எங்க தோட்டத்து ஆளு சொல்லியிருக்காரு. பொள்ளாச்சியில வண்டி மாறும்போது எங்கயாவது உக்காந்துட்டாரோ என்னமோ. வயசாச்சுங்க. அதுதான் பயமா இருக்குது.”

“அது பஸ் ஏறுனதில்லைங்க.” பொற்கொடி அவன் கண்ணைப் பார்த்தாள். “உங்க அப்பா இறந்துட்டாருங்க. காலையில எட்டரைக்கு. நெஞ்சு வலி. ஊருல எல்லாரும் உங்களுக்காகக் காத்துட்டிருக்காங்க. பொழுதெறங்கறதுக்குள்ள எடுக்கணும்ங்கறாங்க. நீங்க இப்பவே பஸ் ஏறணும்.”

அவன் பேஜரைத் திரும்பவும் பார்த்தான். அதே வரியை உதடு அசையப் படித்தான். இரண்டாம் முறை படிக்கும்போது உதடு பாதியில் நின்றுபோயிற்று.

“வெள்ளியங்கிரி எப்படிச் சொன்னாருங்க?”

“பண்ணாடின்னு சொல்லிட்டு நிறுத்துனாருங்க. அப்புறம் மறுக்காவும் பண்ணாடின்னாரு. போயிட்டாருங்கன்னு சொல்லிட்டு எச்சில் முழுங்குனாரு. அப்புறந்தான் எட்டரைன்னு சொன்னாரு.” இந்த முறை அந்த வார்த்தை குத்தாமல் வாயில் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

“அப்ப உங்களுக்குக் கேட்கும்போதே தெரிஞ்சுதுங்களா?”

பொய் சொல்ல இடமிருந்தது. சொன்னதை அடிப்பதுதான் எங்கள் வேலை என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான்.

“தெரிஞ்சுதுங்க.”

ப்ளாஸ்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு சாலையைப் பார்த்தபடியே பேசினான். “பதினோரு மணி வண்டியில ஒரு பெரியவரு எறங்குனாருங்க. பின்னாலிருந்து பார்த்தா அவரேதான். அதே மாதிரி துண்டு. போய்த் தோளைத் தொட்டுட்டேன். அவரு திரும்பிப் பார்த்துச் சிரிச்சாரு. யாரோ ஒருத்தரு.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “ரெண்டு வருசத்துல நான் இன்னைக்குத்தாங்க நல்லா இருந்தேன். நாலு மணி நேரம்.”

பொள்ளாச்சி பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஆள் கூப்பிட்டார். கிருபாசங்கர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான்.

“வீட்டுல சொல்லோணும். நீங்களே சொல்லிப்போடுங்க.” ஒரு கணம் நின்றான். “புரியற மாதிரிச் சொல்லுங்க.”

அதை அவன் குத்திக் காட்டச் சொன்னானா, வெறுமனே சொன்னானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பஸ் புறப்பட்டபோது மணி இரண்டே கால்.

பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து முதலில் லோகப்பிரியாவைக் கூப்பிட்டாள். “உங்க மாமனார் இறந்துட்டாருங்க” என்று முதல் வாக்கியமாகவே சொன்னாள். மறுமுனையில் குழந்தையின் குரல் கேட்டது. பிறகு லோகப்பிரியா, “என்னைப் பார்க்கத்தான வர்றேன்னாரு” என்றாள். பொற்கொடி போனை வைக்காமல் அவள் அழுது முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் யாராவது இருக்கிறார்களா, ஊருக்குக் கூட்டிப்போக ஆள் உண்டா என்று கேட்டாள். தன் அண்ணன் சிங்காநல்லூரில் இருப்பதாக லோகப்பிரியா சொன்னாள். அந்த நம்பரையும் வாங்கி, அவனுக்கும் சொன்னாள். ஒரே சாவை அன்றைக்கு மூன்று முறை சொன்னாயிற்று.

கடைசியாக ஆனைமலை பூத். முதல் மணியிலேயே எடுத்தார் வெள்ளியங்கிரி.

“ரெண்டே காலு பஸ்ஸுல ஏத்திட்டேனுங்க. அவரு வர்ற வரைக்கும் எடுக்காம இருக்கச் சொல்லுங்க.”

“நெம்பச் சந்தோசமுங்க அம்மணி. நான் சைக்கிளை எடுத்துட்டுப் போயி பஸ்ஸுக்கு நிக்கறேன். அம்மாகிட்டயும் சொல்லிப்போடறேன்.” வைக்கப்போனவர் நிறுத்தினார். “காத்தால அவருக்குச் சேதி போகலீங்களா?”

“போச்சுங்க. அவரு அப்பா பொறப்பட்டு வர்றாருன்னு நெனச்சுட்டாரு. போயிட்டாருன்னுதான நீங்க சொன்னீங்க? எறந்துட்டாருன்னு சொல்லியிருந்தா…” பேச்சை அங்கே நிறுத்திக்கொண்டாள். தன் பங்கை அவர் தலையில் வைக்கப் பார்க்கிறோம் என்று பட்டது.

“அது எப்படிங்க அம்மணி?” என்றார் வெள்ளியங்கிரி. அவர் உண்மையிலேயே கேட்டார். “பதினாலு வயசுல இருந்து அவரு தோட்டத்துல இருக்கறேன். பண்ணாடியப் போயி அப்படி ஒரு வார்த்தை சொல்ல என்ற வாயில வருமுங்களா?”

பூத்தின் கண்ணாடிக்கு வெளியே ஒரு பஸ் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

“நீங்க எந்தூருங்க அம்மணி? பேச்சுல நம்ம பக்கம் தெரியுதுங்களே.”

“ஒடையகுளமுங்க. மாசாணியம்மா மக. தேங்காய்க் களத்துக்குப் போவாங்க.”

“ஆரு, அந்தக் கெழக்காலத் தெரு மாசாணியா?” அவர் குரல் சட்டென்று மாறிவிட்டது. “அட, நம்ம புள்ளையா நீயி? இத்தன நேரமும் ஆரோ பெரிய எடத்துப் புள்ளைன்னுல்ல பேசிட்டிருந்தேன். சாப்பிட்டியா கண்ணு?”

அவருடைய ‘ங்க’ எல்லாம் ஒரு நொடியில் உதிர்ந்துபோனதை அவள் கேட்டாள். மரியாதை குறைந்த மாதிரி இல்லை. சுமை ஒன்றை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“இன்னும் இல்லீங்க. நீங்க?”

“நமக்கெங்க இன்னைக்கு. அவரை எடுத்தப்பறந்தான். நீ போயி ரெண்டு வாய் சாப்பிடு கண்ணு. கொரலே ஓஞ்சுபோய்க் கெடக்குது.”

அவள் சாப்பிடவில்லை. பீளமேடு திரும்பியபோது மூன்றரை. அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். டவர் கம்பி நாலே முக்காலுக்குச் சரியானது. தேங்கிக் கிடந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேதிகளும் சில நிமிஷங்களில் ஊரெல்லாம் பாய்ந்தன. ‘அப்பா இறந்துவிட்டார், உடனே வரவும்’ என்ற சேதியும் போனது. நகரத்துப் பேஜர்கள் எல்லாம் அதைக் கேட்டு, தமக்கில்லை என்று ஒதுக்கின. அதற்குரிய பேஜர் அப்போது டவரின் எல்லைக்கு வெகு வெளியே, ஆனைமலையில் இருந்தது. திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டியது.

மறுநாள் மெமோ வந்தது. அனுமதியின்றி இருக்கையை விட்டுச் சென்றது, சந்தாதாரரின் சொந்த விவரங்களைப் பயன்படுத்தியது, இரண்டும் குற்றம். நரசிம்மலு அதை மேசையில் வைத்துவிட்டு, “மேல இருந்து கேட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்” என்றார். பொற்கொடி விளக்கக் கடிதத்தில் நடந்ததை எழுதினாள். காலையில் தனக்குப் புரிந்தும் கேட்காமல் விட்டதையும் எழுதினாள். நரசிம்மலு படித்துவிட்டு, “இந்த வரியை எடுத்துரு. அதை யாரும் உன்கிட்டக் கேட்கல” என்றார். அவள் எடுக்கவில்லை. ஒரு மாதம் அவளுக்குப் பிற்பகல் ஷிப்டு போட்டார்கள். ஊக்கத்தொகைப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், கீழே கவுண்டரில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குச் சொல்லியனுப்பினார்கள். போனால் கிருபாசங்கர். தலை மழித்திருந்தான். பேஜரைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான்.

“நாலு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தேனுங்க. வெச்சிருந்தாங்க” என்றான். “கையில நெருப்பு வாங்கும்போது பொழுது இருந்துச்சு.”

“நல்லதுங்க.”

“உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு. பஸ்ஸுல போறப்ப உங்களத் திட்டிட்டேதான் போனேன். கெணத்துக்கடவு தாண்டறப்போ வெள்ளியங்கிரியத் திட்டுனேன். பொள்ளாச்சியில எறங்கறப்ப என்னையத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். ரெண்டு வருசத்துல நானா ஒரு தடவ பஸ் ஏறியிருக்கலாமில்லீங்க.” அவன் கையிலிருந்த விண்ணப்பத்தைக் கவுண்டரில் வைத்தான். “மெமோ குடுத்தாங்களாமே, கவுண்டர்ல சொன்னாங்க. நான் ஏதாச்சும் எழுதித் தரட்டுங்களா?”

“வேண்டாங்க. நான் எழுத வேண்டியத எழுதிட்டேன்.”

அவன் தலையசைத்தான். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘ஊரோடு போகிறேன்’ என்று தமிழில் எழுதியிருந்தான். அம்மா தனியாக இருக்கிறாள், லோகப்பிரியாவும் சரியென்று சொல்லிவிட்டாள், அடுத்த வாரம் சாமான் ஏற்றுகிறோம் என்றான். விடைபெறும்போது, “வரட்டுங்களா” என்று கேட்டு, அவள் சரியென்று சொல்லும்வரை நின்றான்.

பொற்கொடி விண்ணப்பத்தில் தேதி போட்டு முத்திரை குத்தினாள். பேஜரின் பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துத் தனியே வைத்தாள். மாடிப்படி ஏறி வந்தபோது எண் பலகை பதினொன்று காட்டியது. பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு, ஜன்னலோரம் நின்று முழுவதையும் நிதானமாகக் குடித்தாள். கீழே பாத்திரக் கடையில் யாரோ எவர்சில்வர் குடங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.